தெருவே 'டாக்டர்'னு கூப்பிடுது... ஹாஸ்டல்ல தூக்கம் வரலையா? மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸ் தெரிஞ்சுக்க வேண்டியவை!

ஆரணி மாதிரி பட்டுத்தறி ஊர்ல ஒரு பிள்ளைக்கு எம்.பி.பி.எஸ் சீட் கிடைச்சா, ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடியே தெரு 'டாக்டர்'னு கூப்பிட ஆரம்பிச்சுடும். மூட்டுவலிக்கு மாத்திரைகூட கேட்பாங்க. பெருமையான விஷயம்தான். ஆனா, ராத்திரி ரெண்டு மணிக்கு ஹாஸ்டல்ல முழிச்சுக் கிடக்கும்போது, 'என்னால முடியல'ன்னு அந்தத் தெருவுக்கு எப்படிச் சொல்வீங்க?

தமிழக அரசு 2020-ல் கொண்டுவந்த 7.5% உள் ஒதுக்கீட்டால், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலர் வீட்டின் முதல் டாக்டராகப் படிக்கிறாங்க. தமிழ் மீடியத்தில் முதல் மார்க் வாங்கினவங்களுக்கு, அனாட்டமியும் பயோகெமிஸ்ட்ரியும் திடீர்னு முழு ஆங்கிலத்தில் வரும். வருஷக்கணக்கா இடுப்பு வலியோட தறியில உட்கார்ற அப்பாவே எதுவும் சொல்றதில்லை, நமக்கென்ன குறைன்னு வாயை மூடிக்குவீங்க. சிக்கல் அங்கதான் ஆரம்பிக்குது.

நீங்க தனி ஆள் இல்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கைக்காக, 25,590 இளநிலை மாணவர்கள் ஆன்லைன் சர்வேயில் பதில் சொன்னாங்க. தங்களுக்கு மனநலப் பிரச்னை இருப்பதாகச் சொன்னவங்க 27.8%. தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவங்க 16.2%; முதுநிலை மாணவர்களில் இது 31%. விருப்பப்பட்டு பதில் சொன்னவங்க கணக்குதான் இது, எல்லாரோட கணக்கும் இல்லை. இருந்தாலும், லேசா எடுத்துக்கிற எண்களா இவை? முதுநிலை மாணவர்களுக்கு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல டியூட்டி வேண்டாம், வாரம் ஒருநாள் லீவு வேணும்னும் அந்தக் குழு பரிந்துரைச்சிருக்கு. 74 மணி நேரமே அதிகம் என்பது வேற கதை.

மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸுக்கு மட்டும் ஒரு விசித்திரமான தயக்கம் உண்டு. காலேஜ் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போனா, எதிரே உட்கார்ந்திருப்பது சொந்த புரொஃபசர்! அந்தக் கூச்சம் நியாயமானதுதான். அதுக்காகச் சிகிச்சையையே விட்டுடாதீங்க. பக்கத்து ஊர் அரசு மருத்துவமனைக்கோ, வெளியே இருக்கிற மனநல மருத்துவர்கிட்டயோ போகலாம். 14416-க்கு அழைச்சா 'டெலி மானஸ்' இலவச சேவை, 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, உங்க சிகிச்சை விவரங்களை ரகசியமா வைக்கச் சொல்லுது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள் மட்டும் விதிவிலக்கு.

வீட்டுல 'டிப்ரஷன்'னு சொன்னா பயந்துடுவாங்கன்னு நினைக்கிறீங்களா? 'ரெண்டு வாரமா தூக்கமில்லம்மா, சோறு இறங்கல, டாக்டரைப் பார்க்கப் போறேன்'னு சொல்லுங்க. அது அம்மாவுக்குப் புரியும். ஃபெயில் ஆனதை மறைக்கிறதுதான் பலருக்குப் பெரிய பாரம். முதல் வருஷத் தேர்வை எழுத மொத்தம் 4 வாய்ப்புகள் இருக்கு. இதை ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே வீட்டுல சொல்லி வைங்க.

ரூம்மேட் திடீர்னு பொருள்களை எல்லாருக்கும் கொடுத்தாலோ, 'நான் இல்லைன்னா எல்லாருக்கும் நிம்மதி'ன்னு பேசினாலோ, அதை ஜோக்கா விட்டுடாதீங்க. 'சாகணும்னு தோணுதா?'ன்னு நேராவே கேளுங்க. கேட்கிறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. ஆமான்னு சொன்னா, தனியா விடாதீங்க. வார்டனை எழுப்புங்க, கூடவே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்க. மறுநாள் இன்டெர்னல் எக்ஸாம் இருந்தாலும்தான்.