நுண்பிளாஸ்மாவால் நானோபொருள்கள் ஆக்குதல்: வரலாறு

நுண்பிளாஸ்மா என்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் உருவாகும் பிளாஸ்மா ஆகும். அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த இவ்வளிமத்தின் துணையால் சில நானோமீட்டர் அளவுள்ள துகள்களை ஆக்கலாம். இத்துறை அண்மைக் காலத்தது எனினும் இதன் வேர்கள் 19ஆம் நூற்றாண்டில் உள்ளன.

தொடக்கம்

1887இல் குப்கின் என்ற ஆய்வாளர், வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலின் மேற்பரப்பில் மின்னிறக்கம் நிகழ்த்தி வெள்ளி அயனிகளை உலோக வெள்ளியாக மாற்றினார். கரைசலில் அமிழ்த்தும் உலோகத் தகட்டுக்குப் பதிலாக வளிமமே மின்முனையாகச் செயல்பட்டது. ஆனால், இத்தகைய ஒளிர் மின்னிறக்கம் நிலைத்து நிற்பதற்குக் காற்றழுத்தம் குறைந்த கலம் தேவைப்பட்டது. அத்தகைய கலத்தில் நீரும் விரைந்து ஆவியாகும். எனவே இவ்வழி நெடுங்காலம் பரவலாகவில்லை.

தீர்வுக்கான விதி இரண்டே ஆண்டுகளில் கிடைத்தது. மின்னிறக்கம் தொடங்கத் தேவையான மின்னழுத்தம், வளிம அழுத்தம், மின்முனை இடைவெளி ஆகியவற்றின் பெருக்குத்தொகையைச் சார்ந்தது என 1889இல் ஜெர்மானிய இயற்பியலர் பிரீட்ரிக் பாஷன் காட்டினார். இடைவெளியைச் சுருக்கினால் அழுத்தத்தைக் கூட்டலாம் என்பதே இதன் பொருள். ‘பிளாஸ்மா’ என்ற பெயரை 1928இல் இர்விங் லாங்முயர் வழங்கினார்.

மறுமலர்ச்சி

1996இல் கார்ல் ஷோன்பாக் குழுவினர் அமெரிக்காவில் மிகச் சிறிய துளையுடைய எதிர்மின்முனைகளில் மின்னிறக்கத்தை நிலைநிறுத்தினர். 2005இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மோகன் சங்கரனும் உடன் ஆய்வாளர்களும் சிலேன் வளிமத்திலிருந்து 1 முதல் 3 நானோமீட்டர் அளவுள்ள, நீல ஒளி உமிழும் சிலிக்கான் துகள்களைப் பெற்றனர். இதற்கு வெற்றிடம் தேவைப்படவில்லை. வளிமண்டல அழுத்தமே போதுமானதாக இருந்தது.

2008இல் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் கரோலின் ரிச்மண்ட்ஸும் சங்கரனும் குப்கினின் வழியைத் திறந்த கலத்திலேயே நடத்திக் காட்டினர். ஒடுக்கும் வேதிப்பொருள் எதுவும் சேர்க்காமல் வெள்ளி, தங்க நானோதுகள்கள் கிடைத்தன. 2013இல் சங்கரன் குழுவினர் எத்தனால் ஆவியைப் பிரித்து நானோ வைரங்களை ஆக்கினர். அப்போது வளிமத்தின் வெப்பநிலை 100 பாகை செல்சியசுக்கும் கீழே இருந்தது.

செயல்முறை

நுண்பிளாஸ்மாவில் எலக்ட்ரான்கள் மட்டுமே மிகுந்த ஆற்றலுடன் இருக்கும். வளிமம் ஒப்பீட்டளவில் குளிர்ந்தே இருக்கும். எலக்ட்ரான்கள் மோதி மூலக்கூறுகளைப் பிளக்கின்றன. சிதறிய அணுக்கள் ஒன்றுசேர்ந்து துகளாகின்றன. வளிமம் நொடியில் மிகச் சிறு பகுதிக்குள் வெளியேறிவிடுவதால் துகள்கள் பெரிதாக வளர நேரமிருப்பதில்லை.

குறைபாடு

ஒரு நுண்பிளாஸ்மா தரும் பொருளின் அளவு மிகக் குறைவு. பலவற்றை வரிசையாக அடுக்கி ஒரே நேரத்தில் இயக்குவது இதற்கான வழிகளுள் ஒன்று. ஆய்வகத்தில் வென்ற இம்முறை ஆலைக்குச் செல்வது அதைப் பொறுத்தே அமையும்.