பேரேடும் பூனையும்

செட்டிநாட்டு வீட்டினுள் நுழைகிறவர்கள் முதலில் நிமிர்ந்து நோக்குவது தூண்களைத்தான். பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு அது. காரைக்குடிக்கு அருகில் அத்தகைய வீடு ஒன்றில் நான் விருந்தினர் விடுதி நடத்துகிறேன். வீடு என் ஒருவனுடையதன்று. ஒன்பது புள்ளிகளுக்குப் பொது. கதவையும் தூணையும் பெயர்த்து விற்றுப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று பங்காளிகளுட் சிலர் சொன்னார்கள். அவ்வாறு விலைபோன வீடுகளின் நிலைக்கதவுகளைக் காரைக்குடியின் பழம்பொருட் கடைகளில் நீங்களே காணலாம். ஓடு மாற்றும் செலவையேனும் வீடு தானே ஈட்டட்டும் என்று கெஞ்சித்தான் நான் இசைவு பெற்றேன்.

வளவைச் சுற்றியுள்ள அறைகளில் சன்னல் இல்லை. விருந்தினர் வியப்பார்கள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்று வகுத்தார்களே ஒழிய, அது உறங்குவதற்கன்று. வெள்ளியும் வெண்கலமும் சீர்வரிசையும் பூட்டி வைப்பதற்கு. உறக்கமெல்லாம் வளவின் காற்றில்தான். களஞ்சியத்தில் மனிதரைப் படுக்கவைப்பதே என் தொழில் என்று ஆச்சி கேலி செய்வார்கள்.

திண்ணையில் ஒரு சிப்பிப்பாறை நாய் உண்டு. வருகிறவர்களைக் கண்டு குரைக்காததால் அதற்கு நற்பெயர். பூனைகள் இரண்டு. பத்தாயத்தில் நெல் இருந்த நாள்முதல் அவற்றின் பரம்பரை எங்கள் வீட்டில் இருந்து வருகிறது. ஒருநாள் விருந்தினர் ஒருவர், படுக்கையில் பூனை படுத்திருந்ததென்று கடிந்துகொண்டார். வாடகை போய்விடுமே என்ற அச்சத்தில் இரண்டையும் ஓர் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

இங்கே சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடுகள் நெல்வயல்களாயின. உழவனுக்கு முன்பணம் வேண்டியிருந்தது. அதைக் கொடுத்தவர்களுள் முதன்மையானவர்கள் எங்கள் நகரத்தார். மூன்றாண்டுத் தவணையில் ஏஜெண்டுகள் சென்று கடை நடத்தி, ஊருக்குக் கணக்கு அனுப்பினார்கள். 1930ஐ ஒட்டி நெல்விலை வீழ்ந்தது. உழவர்களால் கடனைத் தீர்க்க இயலவில்லை. ஈடுவைத்த நிலம் கைமாறியது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. அப்பத்தாண்டு முடிவதற்குள் அது 25 பங்காயிற்று. விரும்பி வாங்கிய நிலமன்று என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். இழந்தவன் அதை எப்படிச் சொன்னான்? 1942இல் ஜப்பானியர் வந்தனர். இலட்சக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். பலர் காட்டுவழியே நடந்தே வந்தனர். 1948இல் நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டமும் பிறந்தது.

ஆயினும் எங்கள் இரண்டாங்கட்டில் ஒரு மரப்பெட்டி எஞ்சியிருந்தது. அதில் பேரேடுகளும் ஐந்தொகைகளும் அடுக்கடுக்காக இருந்தன. பர்மிய உழவர்களின் பெயர்கள் தமிழெழுத்தில்: யார், எந்த ஊர், எவ்வளவு கடன், என்ன வட்டி, எத்தனை ஏக்கர் ஈடு. அந்த மனிதர்களிற் பலருக்கு வேறெந்த ஏட்டிலும் இடம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

பூனைகள் போன எட்டாம் மாதம், ஆராய்ச்சி மாணவி ஒருத்தி அவற்றைப் பார்க்க வந்தாள். பெருமையோடு பெட்டியைத் திறந்தேன். மூலையில் ஓர் எலிக்கூடு. கூடு முழுதும் காகிதத் துணுக்குகள். ஒரு துணுக்கில் "மா" என்ற எழுத்து மட்டும் தெரிந்தது. அது பெயரின் தொடக்கமோ, மாதமோ, அறிய வழியில்லை. அடியில் இருந்தவைதாம் பழைய ஏடுகள். நெல்விலை வீழ்ந்த ஆண்டுகளின் கணக்கு அவற்றில்தான் இருந்தது. மேலே இருந்த நான்கு ஏடுகள் தப்பின. அந்தப் பெண் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரண்டு நாள் தங்கி, எஞ்சிய ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொண்டாள். நான் அறைவாடகை வாங்கவில்லை.

பூனைகளை மறுநாளே அழைத்து வந்தேன். அவற்றுள் மூத்தது இப்பொழுது அந்தப் பெட்டியின்மேல்தான் உறங்குகிறது. பூனை பிடிக்காது என்கிற விருந்தினருக்கு, அடுத்த தெருவில் உள்ள விடுதிக்கு நானே வழிகாட்டி அனுப்புகிறேன்.