கீழ்ப்பாக்கமும் சாரதா மேனனும்

திருவண்ணாமலையில ரமணாசிரமத்துக்குப் பக்கத்துலயே சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமம் இருக்கு. ஒரு காலத்துல அவரைப் பைத்தியம்னு சொன்ன ஊர்தான் மகான்னு கும்பிட்டுது. ஆனா சாதாரண மனுஷனுக்கு மனநோய் வந்தா? ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’னு சுலபமா கேலி பண்ணிடறோம்.

சென்னையில இருக்கிற அந்தக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு 1961-இல் தலைமையேற்றவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர்னு அவரைச் சொல்வாங்க. எனக்கு அதைவிட முக்கியமாப் படறது வேற. உள்ள வச்சுப் பூட்டுறதே வைத்தியம்னு நினைச்ச காலத்துல, அவர் புறநோயாளிப் பிரிவை வளர்த்தார். நோயாளிகளுக்குத் தொழில் பயிற்சிக்கும் வழி செஞ்சார்.

1978-இல் ஓய்வு. அத்தோட விடலை. மாத்திரை போட்டா காதுல கேக்கற குரல் அடங்கலாம். வீடு திரும்பினவருக்கு யார் வேலை தருவாங்க? குடும்பம் எப்படித் தாங்கும்? இதுக்காகவே, மனச்சிதைவு நோயாளிகளுக்கான ‘ஸ்கார்ஃப்’ அமைப்பை 1984-இல் இன்னும் சிலரோட சேர்ந்து தொடங்கினார். 1992-இல் பத்மபூஷண் வந்தது. தொண்ணூறு வயசு தாண்டியும் நோயாளிகளைப் பார்த்தார். 2021 டிசம்பரில், 98 வயதில் காலமானார். ஸ்கார்ஃப் இன்னைக்கும் அண்ணா நகர்ல இயங்கிட்டிருக்கு.