பேர் பதிஞ்சாச்சு: நீலகிரிக்கு வந்த சிலோன் பிள்ளைகள்

இந்த வாரம் ஊட்டிப் பக்கம் போறோம். ஆனா போட் ஹவுஸ், பொட்டானிக்கல் கார்டன் எதுவும் கிடையாது. குன்னூர், கோத்தகிரி, குந்தா, அப்புறம் அந்தப் பக்கம் இறங்கினா கூடலூர், பந்தலூர். டூர் வேன் நிக்காம போற லயங்கள்தான் நம்ம இடம்.

முதல்ல ஒரு சொல்லைப் பார்த்துடலாம். ‘நீட்’. நமக்கு அதைக் கேட்டாலே பரீட்சை ஞாபகம்தான் வரும். பிரிட்டனில் அதுக்கு வேற அர்த்தம். படிப்பிலும் இல்லை, வேலையிலும் இல்லை, தொழிற்பயிற்சியிலும் இல்லை என்கிற இளைஞர்களை ஆங்கிலத்தில் சொல்லும்போது வரும் முதலெழுத்துகள் அவை. 1999இல் டோனி பிளேர் அரசு இப்படிப்பட்ட 16 முதல் 18 வயதுக்காரர்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்குப் பிறகு பல நாடுகள் இவர்களைத் தனியாக எண்ணத் தொடங்கின. எண்ணினாத்தானே ஏதாவது செய்ய முடியும்?

அதுக்கு முப்பது வருஷம் முன்னாடி நீலகிரியில் இளைஞர்கள் கூட்டம் கூட்டமா வந்து இறங்கினாங்க. அவங்களை யாரும் அப்படி எண்ணலை. குடும்பம் குடும்பமாத்தான் எண்ணினாங்க. அதனால என்ன ஆச்சுங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

1948இல் சுதந்திரம் பெற்ற சிலோன், அதே ஆண்டில் ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. மலையகத் தோட்டங்களில் பல தலைமுறையாக வேலை செய்த தமிழர்களில் பெரும்பாலானோர் அந்தச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு சிலோன் குடியுரிமை தரும். மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டாங்க. 1974இல் இந்திரா காந்தி காலத்தில் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மூட்டை பிரிக்கிற மாதிரிதான். அந்த மக்களோட பிரதிநிதிகளை யாரும் கூப்பிட்டுக் கேட்கவே இல்லை.

ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்துபோனது. பழைய போட் மெயில் பாதை போய்விட்டது. அதனால் பின்னால் வந்தவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து மண்டபம் முகாம். கையில் ஒரு குடும்ப அட்டை இருக்கும். நம்ம ரேஷன் கார்டு இல்லை இது. கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்தது. இந்தக் குடும்பத்துக்கு என்ன உதவி, எந்த ஊர் என்று அதில் எழுதியிருக்கும். வணிகக் கடன், நூற்பாலை வேலை, தேயிலைத் தோட்டம், கேரளம் அல்லது கர்நாடகத்தில் ரப்பர் தோட்டம் என்று சில வகைகள்தான் இருந்தன.

ஒரு பதினாறு வயசுப் பையனோ பொண்ணோ அந்தக் கப்பலில் வந்ததா நினைச்சுக்கோங்க. அவங்களோட எதிர்காலம் அப்பாவோட அட்டையில் ஒரே ஒரு வரி. நீ எதுவரைக்கும் படிச்சே, என்ன தெரியும், என்ன ஆகணும்னு கேட்க அந்த அட்டையில் இடமே கிடையாது.

அரசு எதுவுமே செய்யலைன்னு சொல்ல முடியாது. 1968இல் வனத்துறை நீலகிரியில் அரசு தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தருவதுதான் அதன் நோக்கம். 1976இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. கடையில் நாம வாங்குற டேன்டீ அதுதான். தலைமை அலுவலகம் குன்னூர். 4,000 ஹெக்டேருக்கு மேல் தேயிலை வளர்ந்தது. இதற்கிடையில், தாயகம் திரும்பியவர்களுக்காகவே 1969இல் ரெப்கோ வங்கியும் தொடங்கப்பட்டது.

அதிகாரிகள் யோசிச்ச விதமும் புரியுது. கொழுந்து பறிக்கத் தெரிந்தவர்கள், மலைக்குளிர் பழகியவர்கள், அப்போ தேயிலைத் தோட்டம் போட்டுக் கொடுப்போம் என்று முடிவு செய்தார்கள். தோட்டம் கிடைத்தவர்களுக்குக் கூலியும் வீடும் பி.எஃப்.பும் இருந்தன. கடன் வாங்கியவர்கள் பாடுதான் மோசம். அன்றாடக் கூலியைத் தவிர வேற வருமானம் பார்க்காத குடும்பத்துக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுத்து, சமவெளியில் ஏதோ ஒரு ஊரில் கடை வைத்துப் பிழைத்துக்கொள் என்றால்? ஏமாந்தவர்கள் ஏராளம். கொடைக்கானல் மலையில் கொத்தடிமைகளாகச் சிக்கி, எண்பதுகளில் மீட்கப்பட்டவர்களும் உண்டு. பலர் உறவினரைத் தேடி நீலகிரிக்கே ஏறி வந்தார்கள். கூடலூர்ப் பக்கம் குடியேறியவர்களில் ஜென்ம நிலத்தில் வீடு கட்டியவர்கள் இன்னொரு சிக்கலில் மாட்டினார்கள். 1969இல் போட்ட ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் வரும் நிலங்களின் வழக்கு இழுத்துக்கொண்டே போனது. பட்டா இல்லை. பட்டா இல்லாததால் பல வீடுகளுக்குக் கரண்டும் இல்லை.

சரி, தோட்டத்துக்குள்ள பிள்ளைகளுக்கு என்ன இருந்தது? இதுக்கு 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தைப் படிக்கணும். நான் படிச்சப்ப ரொம்ப நேரம் அந்த வயசுக் கணக்கையே பார்த்துக்கிட்டு இருந்தேன். 50 பெண் தொழிலாளர்கள் இருந்தால் ஆறு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குப் பிள்ளைக் காப்பகம் வைக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால், பள்ளி வசதி செய்து தரும்படி முதலாளிக்கு மாநில அரசு விதி போடலாம் என்றும் இருந்தது. பன்னிரண்டுக்கு மேல்? அடுத்து அந்த வயதுக்காரர்களைப் பற்றிச் சட்டம் பேசியது வேலை நேரத்தையும் டாக்டர் சான்றிதழையும்தான். மூலச் சட்டத்தின்படி பன்னிரண்டு முடிந்த பிள்ளை தோட்டத்தில் வேலை செய்யலாம். உடல் தகுதிச் சான்றிதழ் வேண்டும், வேலை நேரத்தில் ஒரு வில்லை கூடவே இருக்க வேண்டும். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகுதான் இது மாறியது.

தொட்டில், பள்ளிக்கூடம், வில்லை. மலையகத்தில் இதுக்கு ஒரு பேச்சு வழக்கு உண்டு, ‘பேர் பதிஞ்சாச்சு’ன்னு. செக்ரோலில் பேர் ஏறிடுச்சு, இனி நீ தோட்டத்து ஆள்னு அர்த்தம். கடல் தாண்டி வந்தும் அந்தப் பேச்சு மாறலை.

வேலையை விட ஆளைக் கட்டிப்போட்டது வீடுதான். சட்டப்படி வீடு தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும். வேலை முடிந்தால் வீடும் போச்சு. சொந்த நிலம் இல்லை, திரும்பிப் போக ஊரும் இல்லை. அம்மா ஓய்வு பெறும்போது வீட்டில் இன்னொருத்தர் பேர் செக்ரோலில் இல்லையென்றால் தட்டுமுட்டுச் சாமானோடு வெளியே போக வேண்டும். யாரோ ஒரு பிள்ளை தங்கித்தான் ஆகணும். யார் தங்குறது? வீட்டுக்கு வீடு நடந்த பேச்சு இது. எந்த அரசுக் கோப்பிலும் இது பதிவாகலை.

மலையில் வேற வேலையே இல்லையான்னு கேட்பீங்க. இருந்தது. அருவங்காட்டில் 1904இலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை. கேத்திப் பக்கம் 1949இல் வந்த ஊசித் தொழிற்சாலை. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். ஆனா இந்த மாதிரி கேட்டுக்குள்ள நுழையக் காகிதம் வேணும். பள்ளிச் சான்றிதழ், பிறந்த தேதி, சாதிச் சான்றிதழ். அப்பா பிறந்தது நுவரெலியா, பூர்வீகம் திருச்சிக்கோ புதுக்கோட்டைக்கோ பக்கத்தில் ஏதோ ஒரு கிராமம். அங்கே சாட்சி சொல்ல ஆளில்லை. சாதிச் சான்றிதழ் கேட்டு தாலுகா ஆபீஸுக்கு நடந்த குடும்பங்கள் நீலகிரியில் நிறைய. இடஒதுக்கீடு இருந்தும் அதைக் கேட்க ஒரு தாள் இல்லை. போட்டோ பிலிம்ஸும் 1996இல் நலிவடைந்த நிறுவனம் ஆகி, அப்புறம் மூடியே போச்சு.

தொண்ணூறுகளின் கடைசியில் தேயிலை விலை விழுந்தது. அதற்குப் பிறகு பிள்ளைகள் தாங்களே வழி பார்த்துக்கொண்டார்கள். திருப்பூர் பனியன் கம்பெனி, கோயம்புத்தூர் மில், கடை, டிரைவர் வேலை. எந்தத் திட்டமும் அனுப்பலை. முதலில் போன பக்கத்து லயத்து அண்ணன் போன் பண்ணி, ‘ரூம் இருக்கு வாடா’ன்னு சொன்னதுதான் அவங்களுக்குக் கிடைச்ச வேலைவாய்ப்பு ஆலோசனை. படித்து ஆசிரியர், நர்ஸ் ஆனவர்களும் இருக்கிறார்கள். அவங்க வீட்டிலும் பெரும்பாலும் ஒருத்தர் கொழுந்துக் கூடையோட தங்கியிருப்பாங்க.

2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. திறன் பயிற்சி, வழிகாட்டுதல் எல்லாம் உண்டு. நல்ல விஷயம்தான். அதே ஆண்டில், டேன்டீயின் நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்கும் உத்தரவும் வந்தது. தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். காட்டை மீட்பது சரியா தப்பா என்பது தனி எபிசோட். அங்கே கேட்ட முதல் கேள்வி வீடு என்ன ஆகும் என்பதுதான். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

இப்போ நீலகிரியின் தனியார் எஸ்டேட்டுகளில் ஆள் பற்றாக்குறை. காலியான லயங்களுக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பங்கள் வந்திருக்கின்றன. அவங்க பிள்ளைகளுக்குத் தமிழ் இப்பத்தான் வருது. பத்து, பன்னிரண்டு, பதினைந்து வயசு. மேலேயிருந்து கொழுந்து லாரி இறங்குற நேரத்தில் பஸ் ஸ்டாப்பில் நிப்பாங்க. சிலர் யூனிஃபார்மில், சிலர் அது இல்லாம.