சோழவரத்து எஞ்சின்கள்

“ரேஸ் எஞ்சின் கட்ட எங்கே ஆரம்பிக்கணும்ண்ணே?” என்று பையன்கள் கேட்டால், நான் சோழவரத்தில்தான் ஆரம்பிப்பேன். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் அது. இருங்காட்டுக்கோட்டைத் தளம் 1990-இல் வரும்வரை சென்னையின் பந்தயம் அங்கேதான். அப்போது வெளிநாட்டுச் சாமான் லேசில் கிடைக்காது. ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷனை ஏற்றுவார்கள். போர்ட்டைக் கையாலேயே அரைத்துப் பெரிதாக்குவார்கள். பேராசைப்பட்டு அதிகம் சீவினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். அதனால் பிஸ்டன் தலையில் களிமண் அப்பி, கேஸ்கெட்டோடு ஹெட்டை இறுக்கி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பிரித்து, வால்வு பதிந்த இடத்தின் கனத்தை அளக்கணும். கார்புரேட்டர் ஆசையெல்லாம் அப்புறம்.

அதே கைவேலைப் பாணியில், கோவை கரிவரதன் ஃபார்முலா மாருதி பந்தயக் காரைக் கட்டியது மாருதி 800-இன் 796 சிசி, 3 சிலிண்டர் எஞ்சினை வைத்து. நரேன் கார்த்திகேயன் பந்தயத்துக்கு வந்தது அந்தக் குட்டி எஞ்சினோடுதான்.