ஊரில் இல்லாத உடைமையாளரும் வரிச்சீட்டும்: உத்திரமேரூர் முதல் பிரான்சு வரை

ஓர் ஊரில் வீடோ நிலமோ வைத்துக்கொண்டு வேறோர் ஊரிலோ வேறொரு நாட்டிலோ வாழ்வது புதிய வழக்கமன்று. அவ்வாறு வாழ்பவரை இக்கட்டுரை 'வெளியூர் உடைமையாளர்' என்று குறிப்பிடுகிறது. வரி விதித்தது ஊர்ச்சபையாயினும், கும்பினியாயினும், குடியரசாயினும், இவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டு வந்துள்ளன. இச்சொத்து யாருடையது? இதில் யார் குடியிருக்கிறார்? முதற்கேள்விக்கு ஒரு பத்திரம் விடை சொல்லிவிடும். இரண்டாவதன் விடை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. அதை உடைமையாளரே சொல்ல வேண்டும். அவர் சொல்லாதபோது அரசு தானாக ஒன்றை எழுதிக்கொள்ளும். வெளியூர் உடைமையாளருக்கு வரித்தொகையைவிட இதுவே பெரிய இடராக இருந்து வந்துள்ளது என்பதைக் காஞ்சிபுரம் வட்டாரத்தின் வரலாற்றிலும், இன்றைய பிரெஞ்சு வரிமுறையிலும் காணலாம்.

உத்திரமேரூர்: மனையில் வாழ்பவனே சபையோன்

உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரிலுள்ள முதற்பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ்பெற்றவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவருக்கான தகுதிகளில் வயதும் (35 முதல் 70 வரை) கல்வியும் பலரும் அறிந்தவை. உடைமை பற்றிய தகுதிகள் இரண்டு. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். தன் சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டு அதில் இருக்க வேண்டும்.

இவ்விரண்டாம் தகுதியைக் கூர்ந்து நோக்க வேண்டும். நிலம் மட்டும் வைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே வாழ்ந்தவருக்கு வரிக் கடமை உண்டு, வாரியத்தில் இடமில்லை. வாரியங்கள் ஏரியையும் தோட்டங்களையும் பொன்னையும் கவனித்தன. தம் வயலுக்கு நீர் பாய்ச்சும் ஏரியைப் பற்றிய முடிவு எடுக்கப்படும் இடத்தில் வெளியூர் உடைமையாளர் வாரியத்தாராக அமர இயலாது.

உக்கல்: இரண்டு ஆண்டு தவணை

காஞ்சிபுரத்துக்கு அருகே, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள உக்கல் என்னும் ஊரின் திருமால் கோயிலில் முதலாம் இராசராசனின் 24-ஆம் ஆட்சியாண்டு (ஏறத்தாழ கி.பி. 1009) ஆணை ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. சோழமண்டலம், தொண்டைநாடு, பாண்டிநாடு ஆகியவற்றின் குறிப்பிட்ட வகை ஊர்களில் நிலம் வைத்திருந்து, இரண்டு முழு ஆண்டுகள் வரி செலுத்தாதவர்களின் நிலத்தை ஊராரே எடுத்து விற்கலாம் என்பது அதன் சாரம்.

இத்தகைய ஆணை ஏன் தேவைப்பட்டது என்பதை அக்கால வரிமுறை விளக்குகிறது. ஊருக்குரிய வரிக்கு ஊர்ச்சபையே அரசனுக்குப் பொறுப்பு. ஒருவர் செலுத்தாமல் விட்டால் அச்சுமை மற்றவர் தலையில் விழும். உள்ளூரில் இருப்பவரை நேரில் கேட்கலாம். அவர் தவணை கேட்கலாம், விளைச்சல் பொய்த்ததைக் காட்டலாம். தொலைவில் இருப்பவருக்கு அந்த வாய்ப்புக் குறைவு. ஆகவே இரண்டு ஆண்டு என்பது உள்ளூராருக்கு நீண்ட தவணை. வெளியூராருக்கு மிகக் குறுகிய தவணை.

செங்கற்பட்டு ஜாகிர்: உள்குடியும் பரகுடியும்

ஆற்காட்டு நவாபு முகமது அலி 1763-இல் காஞ்சிபுரம் உள்ளிட்ட பகுதியைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகிராக வழங்கினார். 1767 முதல் 1774 வரை பொறியாளர் தாமஸ் பார்னார்ட் இப்பகுதியை அளந்தார். ஊர்களில் எத்தனை வீடுகள், எந்த வீட்டில் யார், அவர் தொழில் என்ன என்பது வரை கணக்கெடுக்கப்பட்டது. இவற்றோடு தொடர்புடைய ஓலைக்கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 'யார் குடியிருக்கிறார்' என்ற கேள்வி இவ்வளவு விரிவாகக் கேட்கப்பட்டதற்கு இது ஒரு சிறந்த சான்று.

இக்கணக்கு முடிந்து ஆறே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 1780 செப்டம்பர் 10 அன்று எங்கள் புள்ளலூரில் ஐதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தனர். பல்லவர் காலத்திலேயே மகேந்திரவர்மன் பகைவரை வென்ற களமாகக் காசாக்குடிச் செப்பேடு குறிக்கும் ஊர் இதுவே. அப்போரையொட்டி வட்டாரத்து மக்கள் பலர் ஊரைவிட்டு அகன்றனர். கணக்கில் பெயர் இருந்தது. வீட்டில் ஆள் இல்லை.

இங்கு நிலவிய உரிமை காணியாட்சி எனப்பட்டது. கும்பினியார் அதை மிராசு என்றனர். மிராசுதாரர் தாமே உழாமல் பாயக்காரிகளிடம் நிலத்தை விடுவதுண்டு. 1818-இல் வெளியான எல்லிஸ் துரையின் மிராசு பற்றிய அறிக்கை இவர்களை இருவகையாகப் பிரிக்கிறது. ஊரிலேயே நிலையாகக் குடியிருப்பவர் உள்குடிப் பாயக்காரி. அவருடைய உழவுரிமை மக்களுக்கும் செல்லும். வெளியூரிலிருந்து வந்து உழுபவர் பரகுடிப் பாயக்காரி; அவருக்குக் குறித்த காலத்துக்கே உரிமை. மிராசுதாரருக்குச் சாமிபோகம் என்னும் பங்கு கிடைத்தது. உத்திரமேரூரில் கண்டது போலவே இங்கும் உரிமையின் அளவைக் குடியிருப்பே தீர்மானித்தது.

1864: கதவில் ஒட்டும் நோட்டீசு

சென்னை மாகாணத்தில் 1864-இல் இயற்றப்பட்ட வருவாய் வசூல் சட்டம் திருத்தங்களுடன் இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. நிலவரி நிலுவைக்காக நிலத்தைப் பற்றுகை செய்யுமுன் கோரிக்கை நோட்டீசு கொடுக்க வேண்டும். அதை நிலுவைதாரரிடமோ, அவர் வீட்டிலுள்ள வயதுவந்த ஆண் உறுப்பினரிடமோ, அதிகாரம் பெற்ற முகவரிடமோ தரலாம். அது இயலாவிடில் அவர் கடைசியாக வாழ்ந்த வீட்டிலோ நிலத்தின் கண்ணில் படும் இடத்திலோ ஒட்டினால் போதும். ஏலம் நடந்துவிட்டால், 30 நாட்களுக்குள் நிலுவையையும் ஏலம் எடுத்தவருக்குரிய இழப்பீட்டையும் கட்டி ஏலத்தை நீக்கக் கோரலாம்.

சட்டத்தின் நோக்கில் இது நியாயமான ஏற்பாடு. ஆனால் பர்மாவிலோ மலேயாவிலோ வேலை பார்த்த ஒருவருக்குத் தம் வயலின் ஓரத்தில் ஒட்டிய தாள் எப்படித் தெரியும்? அஞ்சல் கப்பலில் வர வேண்டிய காலத்தில் 30 நாள் என்பது கடிதம் போய்ச் சேரும் நேரத்திலேயே பெரும்பகுதி கழிந்துவிடும். ஊரில் நம்பிக்கையான ஒரு தம்பியோ மைத்துனரோ இருந்தவர் தப்பினார்.

பிரான்சு: புரட்சியிலிருந்து 2023 வரை

இதே இரண்டு கேள்விகளைப் பிரான்சு இரண்டு தனி வரிகளாகவே ஆக்கிக்கொண்டது. 1789 புரட்சிக்குப் பின், 1790-இல் நிலத்துக்கும் கட்டடத்துக்குமான வரியும், 1791-இல் குடியிருப்போரின் வாழ்க்கைத்தரத்தை வாடகையால் அளக்கும் வரியும் வந்தன. 1798-இல் கதவு, சன்னல்களை எண்ணி விதிக்கும் வரியும் சேர்ந்தது. வரி குறைய மக்கள் சன்னல்களை அடைத்துச் சுவராக்கினர். அவ்வரி 1926-இல்தான் நீங்கியது. 1807-இல் நெப்போலியன் தொடங்கிய மனைவாரி நில அளவைப் பதிவேடு 'கதாஸ்த்ர்' எனப்படுகிறது. நம் பட்டாவைப் போலவே அதுவும் வரிக்காக எழுந்தது. அது மட்டுமே உடைமையை மெய்ப்பிக்காது.

இன்று உள்ளவை 'தாக்ஸ் ஃபோன்சியேர்' என்னும் உடைமை வரியும், 'தாக்ஸ் தபித்தாசியோன்' என்னும் குடியிருப்பு வரியும். இரண்டுக்கும் சனவரி 1 அன்றைய நிலையே ஆண்டு முழுமைக்கும் கணக்கு. சனவரி 2-இல் வீட்டை விற்றாலும் அவ்வாண்டு உடைமை வரிச்சீட்டு விற்றவர் பெயரிலேயே வரும். வாங்குபவரோடு பங்கிட்டுக்கொள்வது நொத்தேர் முன் செய்யும் ஏற்பாடு மட்டுமே. வரியின் அடிப்படை, அவ்வீடு வாடகைக்குப் போனால் எவ்வளவு பெறும் என்ற மதிப்பு. வீடுகளுக்கு அம்மதிப்பு 1970-ஆம் ஆண்டு நிலவரத்தில் குறிக்கப்பட்டு, ஆண்டுதோறும் உயர்த்தப்பட்டு வருகிறது.

2018 முதல் படிப்படியாகக் குறைக்கப்பட்ட குடியிருப்பு வரி, 2023 முதல் முதன்மை வீடுகளுக்கு முற்றிலும் நீக்கப்பட்டது. இரண்டாம் வீடுகளுக்கு மட்டும் அது தொடர்கிறது. வீட்டுத் தட்டுப்பாடு மிகுந்த ஊர்களில் நகராட்சி தன் பங்கின்மேல் 5 முதல் 60 விழுக்காடு வரை கூடுதலாகவும் விதிக்கலாம். ஆகவே ஒரு வீடு முதலாவதா இரண்டாவதா என்பது பணம் சார்ந்த கேள்வியாகிவிட்டது. அதை அறிய, ஒவ்வொரு வீட்டிலும் யார் குடியிருக்கிறார் என்று உடைமையாளர்கள் இணையத்தில் அறிவிக்க வேண்டும் என்ற விதி 2023-இல் வந்தது. தவறினால் வீடு ஒன்றுக்கு 150 யூரோ அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. அவ்வாண்டே வரி கட்ட வேண்டாதவர் பலருக்கும் குடியிருப்பு வரிச்சீட்டு தவறாகப் போய், பிறகு நீக்கப்பட்டது. பார்னார்டின் வீட்டுக் கணக்கை ஓலையில் எழுதியவர்கள் இதைக் கண்டிருந்தால் வியந்திருக்க மாட்டார்கள்.

புதுச்சேரித் தமிழரின் நிலை

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகியவற்றின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகத்து 16 அன்று அது சட்டப்படி உறுதியாயிற்று. அதன்பின் ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவித்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்று உடன்படிக்கை வழிசெய்தது. அவ்வழி வந்த குடும்பங்கள் பல பிரான்சில் வேலை பார்த்து, அங்கே ஒரு வீடு வாங்கி, முதுமையில் புதுச்சேரிக்குத் திரும்புகின்றன.

திரும்பிய பின் வரும் சனவரி 1 முதல் பிரான்சிலுள்ள அந்த வீடு, சாமான்களுடன் பூட்டிக் கிடந்தால், வரிக்கணக்கில் இரண்டாம் வீடாகிறது. நேற்று வரை இல்லாத குடியிருப்பு வரி இப்போது உண்டு. அதை ஒருவர் தம் முதன்மை வீடாகக் கொள்ள வாடகைக்கு விட்டால் அவ்வரி இல்லை. ஆனால் குடியிருப்பவர் பெயரை அறிவித்திருக்க வேண்டும். இணையக் கணக்குத் திறக்க வரி எண் தேவை. முகவரி மாறியதைத் தெரிவிக்காவிடில் சீட்டு பூட்டிய வீட்டுக்கே போகும். உடைமை வரிக்கு அக்டோபர் நடுவிலும், குடியிருப்பு வரிக்குத் திசம்பர் நடுவிலும் கெடு. தவறினால் 10 விழுக்காடு கூடும். 300 யூரோவுக்கு மேற்பட்ட தொகையை இணையவழியிலோ வங்கிப் பற்று வழியிலோதான் கட்ட வேண்டும். இதற்கு ஐரோப்பிய வங்கிக் கணக்கு வேண்டியிருப்பதால், ஊர் திரும்பும்போது அதை மூடிவிடுவது தொல்லையில் முடியும். சீட்டில் தவறு இருந்தால், வரி விதித்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் திசம்பர் 31 வரை முறையிடலாம்.

நம் ஊரில் இன்று

மறுபுறமும் இதே கதைதான். வெளிநாடு சென்ற பிள்ளைகளின் பூட்டிய வீடுகள் இல்லாத தெரு இன்று குறைவு. வெளிநாடு வாழ் இந்தியர் இங்கு வீடு வாங்கலாம். விவசாய நிலம் வாங்க இயலாது, மரபுரிமையாகப் பெறலாம். வீட்டு வரி இரசீது, பட்டா, சிட்டா ஆகியவை வெவ்வேறு வேலைக்கானவை. 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். நிலப்பதிவுத் திட்டத்தின்போது நேர்ந்த பெயர்ப் பிழைகளைத் திருத்தக் கோரும் மனுக்கள் இன்றும் மாவட்ட வருவாய் அலுவலரிடம் வருகின்றன. கணக்கெடுத்த நாளில் ஊரில் இல்லாதவருக்காகப் பேச அங்கே ஆளில்லை என்பதே இத்தகைய பிழைகளின் எளிய காரணங்களுள் ஒன்று. ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தி, கிராமக் கணக்கைச் சரிபார்க்க நல்ல வாய்ப்பு.

ஆயிரம் ஆண்டுகளில் ஓலை காகிதமாகி, காகிதம் இணையமாகியுள்ளது. இருப்பினும் வெளியூர் உடைமையாளர் செய்ய வேண்டியவை பெரிதும் மாறவில்லை: கணக்கில் தம் பெயர் சரியாக இருக்கிறதா என்று ஆண்டுக்கொரு முறை பார்ப்பது, தாம் இருக்கும் முகவரியைத் தெரிவிப்பது, வீட்டில் யார் இருக்கிறார் என்பதைத் தாமே முந்திச் சொல்வது, சீட்டு வந்தால் தகவல் தர ஊரில் ஒருவரை வைத்திருப்பது. கட்டிய இரசீதுகளை ஒரே இடத்தில் தொகுத்து, அவ்விடத்தைப் பிள்ளைகளுக்கும் காட்டி வைப்பது நன்று.