இடம்பெயர்ந்த தக்கணம்

ஐதராபாத்தைச் சூழ்ந்து கிடக்கும் கருங்கற் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையவை. கோல்கொண்டாக் கோட்டை அத்தகைய குன்றொன்றின்மீதே நிற்கின்றது. மேற்கே விகாராபாத்தை நோக்கிச் சென்றோமாயின் பாறையின் இனம் மாறிவிடுகின்றது. படிக்கட்டுப் போல் அடுக்கடுக்காய் அமைந்த எரிமலைப் பாறை தொடங்குகின்றது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலப்பிளவுகளின் வழியே பொங்கி உறைந்த குழம்பு அது. இன்றும் 5 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூடிக் கிடக்கின்றது. கண்டங்கள் நகர்வன என்னும் கொள்கைக்குச் சான்று பகர்ந்த பாறைகளுள் இதுவும் ஒன்று என்பதை நம்மவருட் பலர் அறியார்.

அக்கொள்கை தோன்றுமுன் புதிர்களே மிகுந்திருந்தன. ஒரிசாவின் தால்சேரில், பனியாறு இழுத்து வந்த கற்களை 1856இல் நிலநூலார் கண்டனர். வெயில் காயும் நாட்டில் பனியாறு எவ்வாறு வந்தது? கோதாவரிப் பள்ளத்தாக்கின் நிலக்கரியோடு காணப்படும் குளோசாப்டெரிஸ் என்னும் செடியின் இலைப்பதிவு ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவிலும் காணப்படுவானேன்? இடையிருந்த நிலம் கடலில் மூழ்கிற்று என்பதே அன்றைய விடை. தேவாங்கையொத்த லெமூர் என்னும் விலங்கினத்தின் பரவலை விளக்க 1864இல் ஸ்கிளேட்டர் கற்பித்த நிலமே இலெமூரியா. சூயஸ் என்பார் இன்னும் பெரியதொரு கண்டத்தைக் கருதி, அதற்குக் கோண்டுவானா நிலம் என்று பெயரிட்டார். கோண்டு மக்களின் வனம் என்னும் பொருள் அப்பெயரிலேயே அடங்கியிருக்க, மேலும் ஒரு 'நிலம்' சேர்ந்தது மொழிபெயர்ப்போருக்குப் புன்முறுவல் விளைப்பது.

இலெமூரியா தமிழகத்தில் பெற்ற செல்வாக்கு பெரிது. பழைய உரைகள் கூறும் கடல்கோளுக்கு அதனையே சான்றாகக் கொண்டோர் பலர். ஆயின் கண்டத்தின் பாறை எடை குறைந்தது. கடலடிப் பாறை எடை மிகுந்தது. நீரில் மிதக்கும் கட்டை தானே அமிழாததுபோல, ஒரு கண்டம் முழுவதும் ஆழ்கடலுள் அமிழ்ந்துவிடாது. கரையோர ஊரைக் கடல் கொள்வது வேறு, கண்டம் மூழ்குவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கியது நம் இலக்கியத்திற்குப் பெருமை சேர்க்கவில்லை என்றே கருதுகின்றோம்.

நிலம் மூழ்கவில்லை, பிரிந்து விலகியது என்று 1912இல் உரைத்தவர் ஜெர்மானிய வானிலை அறிஞர் வேகனர். எந்த விசை கண்டங்களைத் தள்ளிற்று என்ற வினாவிற்கு அவரிடம் தக்க விடை இல்லை. அதுவே அவரைப் புறக்கணிக்கப் போதுமாயிற்று. 1930இல் கிரீன்லாந்தின் பனிவெளியில் அவர் மாண்டார்.

சான்று எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. சுழலும் பொருளெல்லாம் காந்தமாகும் என்றொரு கருத்தைச் சோதிக்க ஆங்கில விஞ்ஞானி பிளாக்கெட் மிக நுண்ணிய காந்தமானி ஒன்றைச் செய்தார். கருத்து பொய்த்தது, கருவி மட்டும் எஞ்சியது. அது பாறைகளின் காந்தத்தை அளக்க உதவிற்று. எரிமலைக் குழம்பு ஆறும்பொழுது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அவ்விடத்துப் பூகாந்தத் திசையைப் பற்றிக்கொள்கின்றன. நடுக்கோட்டில் அத்திசை கிடையாக இருக்கும். துருவத்தை நெருங்க நெருங்கச் சாய்வு மிகும். எனவே சாய்வை அளந்தால், பாறை எந்த அட்சரேகையில் உறைந்தது என்று கணக்கிடலாம். இந்தியப் பாறைகளை இம்முறையில் முதலிற் சோதித்தவர் கேம்பிரிட்ஜ் மாணவர் இர்விங். 1954இல் அவருடைய ஆய்வேட்டிற்குப் பட்டம் மறுக்கப்பட்டது! 1956இல் பிளாக்கெட்டின் குழுவைச் சேர்ந்த கிளெக் முதலியோர் தக்கணப் பாறை பற்றிய முடிவுகளை வெளியிட்டனர். நம் நாட்டு இராதாகிருஷ்ணமூர்த்தியும் சகஸ்ரபுத்தேயும் அவ்வாய்வைத் தொடர்ந்தனர். இன்று வடக்கே 17 பாகையில் நிற்கும் ஐதராபாத்தை உள்ளிட்ட இந்நிலப்பகுதி, அக்குழம்பு உறைந்த காலத்தில் நடுக்கோட்டிற்குத் தெற்கே ஏறத்தாழ 30 பாகையில் இருந்தது என்பது தெரியவந்தது.

தள்ளிய விசை எது என்ற வினாவிற்கும் விடை நம் கடலுக்கடியிலேயே கிடைத்தது. அரபிக்கடற் பக்கத்துக் கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரின் காந்த அளவைகளைக் கொண்டு, கடற்படுகை புதிதாய்ப் பிறந்து இருபுறமும் விரிகின்றது என்று 1963இல் வைனும் மாத்யூசும் விளக்கினர். அதன்பின் ஐயுற்றோர் குறைந்தனர்.

1961இல் ஐதராபாத்தில் நிறுவப்பெற்ற தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தில் செயற்கைக்கோட்குறிகளைப் பெறும் கருவி ஒன்று உண்டு. அதன் கணக்குப்படி இந்நகரம் இன்றும் ஆண்டுதோறும் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்ந்துகொண்டிருக்கின்றது.